தாரியோ ஃபோவின் ‘ஓர் அராஜகவாதியின் தற்செயல் மரணம்’ ஆங்கில மேடையில்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்த நாடகம் எதைப் பற்றியது?

இத்தாலிய நாடகாசிரியர் தாரியோ ஃபோ எழுதிய இந்த நாடகத்தில், காவல் நிலையத்தில் விசாரணையில் இருந்த ஓர் அராஜகவாதி (அரசு என்ற அமைப்பையே ஏற்காதவன்) மாடி ஜன்னலிலிருந்து விழுந்து இறந்துவிட்டான். அது தற்செயலான மரணம் என்று கோப்பு மூடப்பட்டது. ஆள்மாறாட்டம் செய்ததற்காகப் பிடிபட்டு அதே கட்டடத்துக்கு வந்துசேரும் ஒரு பித்தன், இந்த வழக்கை மீண்டும் விசாரிக்க ரோமிலிருந்து நீதிபதி ஒருவர் வரவிருக்கிறார் என்பதைத் தெரிந்துகொண்டு, அந்த நீதிபதியாகவே வேடம் போட்டுக்கொள்கிறான். அவனுக்கு இருக்கும் நோயே வேடம் போடும் நோய்தான். காவல் அதிகாரிகளுக்கு உதவுவதுபோல் பேசி, அவர்கள் முன்னுக்குப் பின் முரணாகச் சொன்ன வாக்குமூலங்களை ஒவ்வொன்றாக நடித்துக் காட்டச் சொல்கிறான். அவர்கள் நடிக்க நடிக்கப் பொய் கிழிகிறது. இரண்டாம் பகுதியில் ஒரு பெண் பத்திரிகையாளர் வந்து சேர்ந்ததும், பித்தன் தடயவியல் நிபுணராகவும் பிறகு பிஷப்பாகவும் மாறுகிறான். அவனுடைய பொய்க்கண் கழன்று விழுகிறது, மரக்கை பிடுங்கிக்கொண்டு வருகிறது. அரங்கம் சிரித்துக்கொண்டே இருக்கிறது.

உண்மைச் சம்பவம் என்ன?

1969 டிசம்பர் 12 அன்று மிலான் நகரின் பியாட்சா ஃபொந்தானாவில், தேசிய விவசாய வங்கிக் கிளைக்குள் குண்டு வெடித்தது. 17 பேர் இறந்தார்கள், 88 பேர் காயமடைந்தார்கள். காவல்துறை உடனே அராஜகவாதிகள் மீது பாய்ந்தது. அன்றிரவு அழைத்துச் செல்லப்பட்டவர்களில் ஒருவர் ஜுசெப்பே பினெல்லி, 41 வயது ரயில்வே ஊழியர். தன்னுடைய மொபெட்டிலேயே காவல் வண்டியைப் பின்தொடர்ந்து போனவர் அவர். சட்டம் அனுமதித்த 48 மணி நேரத்தைத் தாண்டியும் அவர் வெளியே விடப்படவில்லை. டிசம்பர் 15 நள்ளிரவை ஒட்டி, காவல் தலைமையகத்தின் நான்காம் மாடி ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தார். தன் குற்றம் வெளிப்பட்டதால் அவரே குதித்துவிட்டார் என்று அதிகாரிகள் முதலில் அறிவித்தார்கள். பிற்பாடு, குண்டுவெடிப்புக்கும் அவருக்கும் தொடர்பில்லை என்பதும் அது வலதுசாரி தீவிரவாதக் கும்பலின் வேலை என்பதும் நிலைநாட்டப்பட்டன.

நாடகத்தின் மிகப் பெரிய சிரிப்புகளில் ஒன்று இந்த வழக்கின் குழப்பத்திலிருந்து வந்தது. குதித்தவரைத் தடுக்கப் பாய்ந்ததாகவும், காலைப் பிடித்தபோது காலணி மட்டும் கையோடு வந்துவிட்டதாகவும் ஒரு காவலர் சொன்னார். ஆனால் கீழே கிடந்தவரின் இரண்டு கால்களிலும் காலணி இருந்ததாகச் சாட்சிகள் சொன்னார்கள். அப்படியானால் இறந்தவருக்கு மூன்று கால்களா என்று மேடையில் பித்தன் கேட்கிறான். அதிகாரிகள் திணறித் திணறி ஒரு விளக்கமும் கண்டுபிடிக்கிறார்கள்: ஒரு காலணி பெரிதாக இருந்திருக்கும், அதனால் அதற்குள் இன்னொரு காலணியைப் போட்டிருப்பான். கற்பனையென்று நாம் நினைக்கும் பலவும் இதில் ஆவணம்தான். வெளிநாட்டு மேடைகள் தவறவிட்டதும் பெரும்பாலும் இதைத்தான்.

இத்தாலியில் முதலில் எப்படி மேடையேறியது?

சம்பவம் நடந்து ஓராண்டு நிறைவதற்குள், 1970 டிசம்பர் 5 அன்று வரேசே நகரில் முதல் காட்சி நடந்தது. ஃபோவும் அவருடைய மனைவி ஃபிராங்கா ராமேயும் 1968இல் வணிக நாடக அரங்கை விட்டு வெளியேறியவர்கள். 1970இல் அவர்கள் தொடங்கிய ‘லா கொமுனே’ குழு, மிலானில் ஒரு பழைய தொழிற்கூடத்தை அரங்கமாக்கி அங்கே இதை நடத்தியது. அந்த நாட்களில் அதே நகரத்து நீதிமன்றத்தில் இன்னொரு வழக்கு ஓடிக்கொண்டிருந்தது. பினெல்லியைக் கொன்றவர் என்று தன்னைக் குறித்து எழுதிய ‘லொத்தா கொந்தினுவா’ இதழின் மீது காவல் ஆய்வாளர் லூயிஜி கலாப்ரேசி தொடுத்த அவதூறு வழக்கு அது. பகலில் நீதிமன்றத்தில் சொல்லப்பட்டது இரவில் மேடையில் வசனமானது. பிரதி நாளுக்கு நாள் மாறியது. நாடகம் முடிந்ததும் பார்வையாளர்கள் கலைந்து போகாமல் உட்கார்ந்து விவாதித்தார்கள். ஃபோ அந்த விவாதத்தை மூன்றாம் அங்கம் என்றே கருதினார்.

ஆகவே மிலான் பார்வையாளருக்குக் கதை தெரியும், பெயர்கள் தெரியும், எந்த ஜன்னல் என்பதும் தெரியும். அவருக்குத் தேவைப்பட்டது, தெரிந்ததைப் பார்த்துச் சேர்ந்து சிரிக்கும் துணிச்சல் மட்டுமே. அந்த முன்னறிவை வேறு நாட்டுப் பார்வையாளரிடம் எதிர்பார்க்க முடியாது. மொழிபெயர்ப்பு மேடைகளின் சிக்கல் அனைத்தும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

இது நியூயார்க்கில் நடந்த கதை என்று ஃபோ சொன்னது ஏன்?

அது சட்டத்தின் கண்ணில் மண்ணைத் தூவும் வேலை. 1920 மே மாதம் நியூயார்க்கில் ஆந்திரேயா சல்சேதோ என்ற இத்தாலிய அராஜகவாதி, விசாரணைக் காவலில் இருந்தபோது பதினான்காம் மாடியிலிருந்து விழுந்து இறந்தார். தான் அந்தக் கதையைத்தான் சொல்லப் போவதாகவும், நாடகச் சுவைக்காக அதை இன்றைய இத்தாலிய நகரம் ஒன்றுக்கு மாற்றியிருப்பதாகவும், நம் நாட்டுச் சம்பவம் எதையாவது இது நினைவூட்டினால் அது நாடகத்தின் மாயம்தான் என்றும் ஃபோ முன்னுரையில் அப்பாவியாகச் சொல்லிவைத்தார். அரங்கில் இருந்த எவரும் ஏமாறவில்லை, காவல்துறையும்தான்.

லண்டனுக்கு இது எப்படி வந்தது?

‘பெல்ட் அண்ட் பிரேசஸ்’ என்ற ஊர் ஊராகச் சுற்றும் இடதுசாரிக் குழு 1979இல் இதை எடுத்துக்கொண்டது. கிலியன் ஹன்னா செய்த மொழிபெயர்ப்பை வைத்துக்கொண்டு கேவின் ரிச்சர்ட்ஸ் மேடைக்கான தழுவலை எழுதி இயக்கினார். லண்டன் கிழக்குப் பகுதியின் ஹாஃப் மூன் அரங்கிலும் சுற்றுப்பயணத்திலும் கிடைத்த வரவேற்பைத் தொடர்ந்து, 1980 மார்ச்சில் அது லண்டன் வணிக நாடகத்தின் மையமான வெஸ்ட் எண்டின் விண்டம்ஸ் அரங்குக்குப் போனது. தொழிற்சங்கக் கூடங்களுக்காகப் பழகிய ஒரு குழு, சிவப்பு வெல்வெட் இருக்கைகளுக்கு முன்னால் ஓராண்டுக்கும் மேலாகத் தாக்குப்பிடித்தது. 1983இல் சேனல் 4 தொலைக்காட்சி இதை ஒளிபரப்பியபோது பித்தனாக ரிச்சர்ட்ஸே நடித்தார்.

காலமும் அவர்களுக்கு உதவியது. 1979 ஏப்ரல் 23 அன்று லண்டனின் சவுத்தால் பகுதியில், இனவாதக் கட்சி ஒன்றின் கூட்டத்தை எதிர்த்து நடந்த ஆர்ப்பாட்டத்தில், பிளேர் பீச் என்ற ஆசிரியர் தலையில் அடிபட்டு இறந்தார். அடித்தது காவலர் ஒருவராகவே இருக்கக்கூடும் என்ற காவல்துறையின் சொந்த விசாரணை அறிக்கை 2010இல்தான் வெளியிடப்பட்டது. சவுத்தால் தெற்காசியக் குடும்பங்கள் நிறைந்த பகுதி. அங்கே அந்தப் பெயரை யாரும் மறந்திருக்கவில்லை. மிலானில் பினெல்லியின் பெயர் செய்த வேலையை, லண்டனில் வேறொரு பெயர் ஓரளவு செய்யக் காத்திருந்தது என்று சொல்லலாம்.

ரிச்சர்ட்ஸ் எவற்றை மாற்றினார்?

நடையை மாற்றினார், முடிவை மாற்றினார். பிரிட்டிஷ் மியூசிக் ஹால் மரபின் அடிதடி நகைச்சுவை, பார்வையாளரிடம் நேராகத் திரும்பிப் பேசுவது, உள்ளூர் அரசியல் கிண்டல் எல்லாம் உள்ளே வந்தன. காவல் அதிகாரிகள் இன்னும் பெரிய மடையர்கள் ஆனார்கள்.

முடிவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஃபோவின் இத்தாலியப் பிரதியில் விளக்கு அணைகிறது, ஓர் அலறல், ஒரு வெடிச்சத்தம். வெளிச்சம் வரும்போது பித்தன் ஜன்னல் வழியே போய்விட்டிருக்கிறான். இவன் எப்படி விழுந்தான் என்பதற்கு அதிகாரிகள் கதை தேடிக்கொண்டிருக்கும்போதே உண்மையான நீதிபதி உள்ளே நுழைகிறார். அவரும் பித்தனாக நடித்த அதே நடிகர், தாடியோடு. மறுபடியும் ஒரு விசாரணை, மறுபடியும் ஒரு சுற்று. அரசு தன்னைத்தானே விசாரித்துக்கொள்ளும் ஏற்பாடு ஒருபோதும் முடிவதில்லை என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட முடியாது.

ரிச்சர்ட்ஸ் பிரதியில் இந்த வட்டம் இல்லை. அதிகாரிகள் ஜன்னலோடு விலங்கிடப்பட்டிருக்கிறார்கள், குண்டு வெடிக்கப் போகிறது, சாவி பத்திரிகையாளர் கையில் இருக்கிறது. அவர் விட்டுவிட்டுப் போனால் அவர்கள் சாகிறார்கள். இது முதல் முடிவு. விடுவித்தால், எல்லாம் தெரிந்தவர் என்பதால் அவரையே ஜன்னலோடு பூட்டிவிடுகிறார்கள். இது இரண்டாவது. இரண்டையும் நடித்துக் காட்டிவிட்டு, எதுவானாலும் நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும் என்று பார்வையாளரிடம் சொல்லி விடைபெறுகிறார்கள். அரங்கில் இது வேலை செய்யும், அதில் ஐயமில்லை. ஆனால் ஃபோ குற்றம் சாட்டியது ஓர் அமைப்பை. ரிச்சர்ட்ஸின் முடிவு அந்தச் சுமையை எடுத்து ஒரு தாராளவாதப் பெண்ணின் மனசாட்சி மீது வைக்கிறது. இத்தாலிய முடிவே கூர்மையானது என்பது என் கருத்து.

ஃபோ லண்டன் தயாரிப்பை ஏற்றுக்கொண்டாரா?

பாதி மனதோடு ஏற்றுக்கொண்டார். அதன் வெற்றி அவருக்கு மகிழ்ச்சி தந்தது. ஆனால் கோமாளித்தனம் அளவு மீறிவிட்டது என்ற குறை அவருக்கு இருந்தது. இதை வெறும் ஆசிரியர் கர்வமாகக் கருத முடியாது. ஃபோவின் முறையில் அதிகாரிகள் முட்டாள்கள் அல்லர். பயந்தவர்கள், தந்திரமானவர்கள், மேலிடம் தங்களைக் கைவிட்டுவிடும் என்று தெரிந்தவர்கள்.

ஒரு காட்சியைப் பாருங்கள். நீதிபதி வேடத்தில் இருக்கும் பித்தன், அமைச்சரகம் உங்களைப் பலிகடா ஆக்க முடிவுசெய்துவிட்டது, பொதுமக்கள் தலை கேட்கிறார்கள், உங்கள் வாழ்க்கை முடிந்தது என்று அடுக்கிக்கொண்டே போகிறான். அவர்கள் ஜன்னலருகே தள்ளாடி நிற்கும்போது குதித்துவிடுவதே மேல் என்கிறான். அவர்கள் கிட்டத்தட்ட குதித்துவிடுகிறார்கள். பிறகு, நான் சொன்னதெல்லாம் பொய், அந்த அராஜகவாதியிடம் நீங்கள் நடந்துகொண்டதும் இப்படித்தானே என்று அமைதியாகக் கேட்கிறான். அடுத்ததாக, விசாரணை மனிதாபிமானத்தோடு நடந்தது என்று காட்டுவதற்காக அதிகாரிகளையே அராஜகவாதிகளின் பாட்டைச் சேர்ந்து பாடவைக்கிறான். இந்தக் காட்சியில் அவர்கள் வெறும் கோமாளிகளாக இருந்தால் குதிக்கப் போகும் கணத்தில் பயம் வராது, பயம் வராவிட்டால் அந்தக் கேள்வி உறைக்காது.

நாடகத்தின் உள்ளேயே இதற்கான எச்சரிக்கை இருக்கிறது. ஊழல் அம்பலமாவதால் அரசு ஆட்டம் கண்டுவிடாது, அது மக்கள் விடும் ஏப்பம், விட்டதும் வயிறு லேசாகிவிடும் என்று பித்தன் சொல்கிறான். வெஸ்ட் எண்டில் டிக்கெட் வாங்கி ஓராண்டு சிரித்த கூட்டத்தைப் பார்த்து ஃபோவுக்கு இந்த வசனம் நினைவுக்கு வந்திருந்தால் வியப்பில்லை.

அமெரிக்கா ஃபோவுக்கு விசா மறுத்தது உண்மையா?

உண்மை. 1980இலும் 1983இலும் ஃபோவுக்கும் ராமேக்கும் விசா மறுக்கப்பட்டது. சிறைக் கைதிகளுக்கு உதவிய ‘சொக்கோர்சோ ரோசோ’ அமைப்போடு அவர்களுக்கு இருந்த தொடர்பு காரணமாகக் காட்டப்பட்டது. பயன்படுத்தப்பட்டது, அரசியல் காரணங்களுக்காக வெளிநாட்டவரைத் தடுக்க இடமளித்த 1952ஆம் ஆண்டின் மக்காரன்–வால்டர் சட்டம். 1984இல் இந்த நாடகம் நியூயார்க் வணிக நாடகத்தின் மையமான பிராட்வேயில் திறக்கப்பட்டபோதுதான் முதன்முறையாக அனுமதி கிடைத்தது. 1986இல் இருவரும் தங்கள் சொந்த நிகழ்ச்சிகளோடு அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்தார்கள்.

பிராட்வேயில் ஏன் ஓடவில்லை?

1984 நவம்பர் 15 அன்று பெலாஸ்கோ அரங்கில் திறந்து, டிசம்பர் 1 அன்று மூடப்பட்டது. மொத்தம் 20 காட்சிகள். தழுவல் ரிச்சர்ட் நெல்சன், இயக்கம் டக்ளஸ் வேகர், பித்தனாக ஜொனதன் பிரைஸ். அதே ஆண்டின் தொடக்கத்தில் வாஷிங்டனின் அரீனா ஸ்டேஜில் வேறொரு நடிகரோடு இதே இயக்குநர் இதை அரங்கேற்றியிருந்தார். அங்கு கிடைத்த நம்பிக்கையில்தான் நியூயார்க் போனார்கள்.

பிரைஸ் திறமையான நடிகர் என்பதில் யாருக்கும் மாற்றுக்கருத்து இல்லை. சிக்கல் வேறு. வணிக அரங்கின் டிக்கெட் விலை, ரேகனைப் பற்றிய கிண்டல்கள், யாருக்கும் தெரியாத மிலான் வழக்கு ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. அதிபர் தேர்தலில் ரேகன் 49 மாநிலங்களை வென்று பத்து நாள்கூட ஆகியிருக்கவில்லை. ரேகன் பெயரைச் சொன்னால் சிரிப்பு வரும், ஆனால் அந்தச் சிரிப்புக்கும் ஜன்னலிலிருந்து விழுந்த மனிதனுக்கும் என்ன தொடர்பு என்ற கேள்விக்கு மேடையில் விடை இல்லை.

கையருகே ஒரு விடை இருந்தது என்பதுதான் வேடிக்கை. ஃபோ முகமூடியாகப் பயன்படுத்திய சல்சேதோ விழுந்து இறந்தது அதே மன்ஹாட்டன் தீவில், பார்க் ரோ தெருக் கட்டடம் ஒன்றில்தான். மிலானில் சாக்காக இருந்த கதை நியூயார்க்கில் உள்ளூர்க் கதையாகியிருக்க வேண்டும்.

பிரிட்டனில் பிறகு என்ன நடந்தது?

பத்து இருபது ஆண்டுகளுக்கு ஒரு முறை ஒரு பெரிய அரங்கு புதிய தழுவலோடு இதற்குத் திரும்பி வந்திருக்கிறது. 1991இல் லண்டன் நேஷனல் தியேட்டரில் டிம் சப்பிள் இயக்கினார். அவரோடு சேர்ந்து தழுவலை எழுதிய ஆலன் கம்மிங்கே பித்தனாக நடித்து, நகைச்சுவை நடிப்புக்கான ஒலிவியே விருதும் (லண்டன் நாடக விருது) பெற்றார். செய்யாத குண்டுவெடிப்புக்காக 16 ஆண்டுகள் சிறையில் இருந்த பர்மிங்காம் ஆறு பேர் விடுதலையானது அதே ஆண்டு மார்ச்சில்தான். காவல்துறை வாக்குமூலங்களை எப்படித் தயாரிக்கிறது என்பது அப்போது பிரிட்டிஷ் செய்தித்தாள்களின் அன்றாடச் செய்தி. 2003இல் டான்மார் வேர்ஹவுஸில் சைமன் நையின் தழுவலில் ரீஸ் இவான்ஸ் நடித்தார்.

2022–23 தயாரிப்பு ஏன் அதிகம் பேசப்பட்டது?

ஏனென்றால் அது இத்தாலியை விட்டுவிட்டு, இன்றைய லண்டன் காவல்துறையை நேராகக் கையில் எடுத்தது. டாம் பாஸ்டன் எழுத, டேனியல் ராகெட் இயக்க, டேனியல் ரிக்பி பித்தனாக நடித்த இந்தத் தயாரிப்பு 2022இல் ஷெஃபீல்டில் தொடங்கி, 2023 மார்ச்சில் லண்டனின் லிரிக் ஹாமர்ஸ்மித் அரங்குக்கும், ஜூனில் வெஸ்ட் எண்டின் தியேட்டர் ராயல் ஹேமார்க்கெட்டுக்கும் வந்தது. 2021இல் பணியில் இருந்த ஒரு லண்டன் காவலர், சாரா எவரார்ட் என்ற பெண்ணைக் கடத்திக் கொன்றதிலிருந்து அந்தத் துறையின் பெயர் கெட்டுக் கிடந்தது. நாடகம் ஹாமர்ஸ்மித்தில் ஓடிக்கொண்டிருந்த அதே மார்ச் 21 அன்று, லண்டன் காவல்துறையை ஆராய்ந்த லூயிஸ் கேசியின் அறிக்கை வெளிவந்தது. இனவெறி, பெண்வெறுப்பு, தன்பாலினத்தவர் மீதான வெறுப்பு மூன்றும் அந்தத் துறையின் அமைப்பிலேயே ஊறியிருப்பதாக அது சொன்னது.

மிலானில் 1970இல் இருந்த நிலைமைக்கு ஆங்கில மேடை மிக அருகில் வந்தது இந்த முறைதான். பார்வையாளர் காலையில் படித்த செய்தி மாலையில் மேடையில் இருந்தது. ஃபோவின் வசனங்களை இவ்வளவு தூரம் விட்டு விலகிய தழுவல், அவருடைய முறைக்கு இவ்வளவு அருகில் வந்ததில் முரண்பாடு எதுவும் இல்லை. அவரே தன் பிரதியை நாள்தோறும் மாற்றியவர்.

கலாப்ரேசிக்கு நாடகம் அநீதி செய்ததா?

வெளிநாட்டு மேடைகள் எழுப்பாத, ஆனால் எழுப்ப வேண்டிய கேள்வி இது. ஸ்போர்ட்ஸ் ஜாக்கெட் அணிந்துவரும் ஆய்வாளர் பாத்திரம் கலாப்ரேசியைச் சுட்டுவதாகவே இத்தாலியர் எடுத்துக்கொண்டார்கள். 1972 மே 17 அன்று அவர் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1975இல் நீதிபதி ஜெரார்தோ தாம்ப்ரோசியோ விசாரணையை முடித்தபோது, பினெல்லி விழுந்த நேரத்தில் கலாப்ரேசி அந்த அறையில் இல்லை என்று சொன்னார். மரணம் கொலையும் அல்ல, தற்கொலையும் அல்ல, திடீர் உடல் தடுமாற்றத்தால் நேர்ந்தது என்றும் தீர்ப்பெழுதினார். பினெல்லியின் குடும்பத்துக்கும் பலருக்கும் அந்த விளக்கம் இன்றுவரை ஏற்புடையதாக இல்லை. 2009இல் குடியரசுத் தலைவர் ஜோர்ஜோ நபொலித்தானோ, பினெல்லியின் மனைவியையும் கலாப்ரேசியின் மனைவியையும் ஒரே நிகழ்ச்சிக்கு அழைத்தபோது, இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

நாடகம் எழுதப்பட்ட 1970இல் இவை எதுவும் நடந்திருக்கவில்லை. ஃபோ குறிவைத்தது ஒரு தனிமனிதரை அல்ல, மூடி மறைக்கும் எந்திரத்தைத்தான் என்பது பிரதியைப் படித்தால் தெரியும். ஆனாலும் அந்த ஜாக்கெட்டுக்குள் ஓர் உண்மையான மனிதர் இருந்தார், அவரும் கொல்லப்பட்டார் என்பதை லண்டன் நிகழ்ச்சிநிரல் குறிப்பில் ஒரு வரியாவது சொன்னால், பார்வையாளருக்கு நாடகத்தின் கனம் கூடும், குறையாது.

இந்தியாவில் நடிக்கப்பட்டிருக்கிறதா?

ஆம். அமிதாப் ஸ்ரீவாஸ்தவாவின் இந்தித் தழுவலை, தில்லியின் அஸ்மிதா குழு ‘ஆபரேஷன் த்ரீ ஸ்டார்’ என்ற பெயரில் அரவிந்த் கௌர் இயக்கத்தில் நடித்திருக்கிறது. காவல் மரணம் எதைக் குறிக்கும் என்பதை இந்தியப் பார்வையாளருக்கு முன்னுரையில் விளக்க வேண்டிய தேவை இருக்காது.

ஆங்கிலம் வழியாகப் படிக்க விரும்புகிறவர் எந்தப் பிரதியை எடுக்க வேண்டும்?

ஃபோ எழுதியதற்கு நெருக்கமாக வேண்டுமென்றால் எட் எமெரியின் மொழிபெயர்ப்பு. நீதிபதி திரும்பி வரும் முடிவு அதில் உண்டு. வசனம் சற்று நீளமாகத் தோன்றும், ஆனால் வழக்கின் விவரங்கள் சிதையாமல் இருக்கும். ரிச்சர்ட்ஸ் பிரதி வேகமானது, நடிகர்களுக்குப் பிடித்தது, பல கல்லூரிக் குழுக்கள் எடுப்பது இதையே. நை, பாஸ்டன் பிரதிகளை அந்தந்த ஆண்டின் பிரிட்டனைக் காட்டும் ஆவணங்களாகப் படிக்கலாம். மேடையேற்ற எண்ணுகிறவர்கள் எமெரியைக் கையில் வைத்துக்கொண்டு, தங்கள் ஊரில் நடந்த ஒரு வழக்கின் ஆவணங்களையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. எந்தப் பிரதியானாலும் நிகழ்த்து உரிமையை முன்கூட்டியே எழுத்தில் பெற வேண்டும். மூல ஆசிரியரின் உரிமையோடு மொழிபெயர்ப்பாளரின் உரிமையும் சேர்ந்தே வரும்.